வழுவைப் பதிதல்: லினக்ஸ் கெர்னலின் பதிவேடுகள் சொல்லும் வரலாறு

சென்ற மாதம் எங்கள் துறையின் ஆய்வரங்கில் முதுகலை மாணவர் ஒருவர் என்னிடம் ஒரு வினா எழுப்பினார். எழுத்துவழி உரையாடலில் வேண்டுகோளும் மறுமொழியும் எவ்வாறு அமைகின்றன என்பது அன்று நான் பேசிய பொருள். அதற்கு நான் எடுத்துக்கொண்ட தரவு, லினக்ஸ் கெர்னல் மடற்குழுவின் ஆவணக்காப்பகம். பேசி முடித்ததும் அவர் கேட்டார்: "3 கோடிக்கும் மேற்பட்ட வரி நிரல் உள்ள ஒரு பணியில், எல்லாரும் கட்டாயமாகப் பயன்படுத்தும் ஒரே வழுப்பதிவேடு இல்லை என்கிறீர்கள். பத்துப் பேர் வேலை செய்யும் நிறுவனத்தில்கூட அது உண்டே. இவர்களிடம் மட்டும் ஏன் இல்லை?"

நேரமின்மையால் அன்று அரைகுறையாக விடையளித்தேன். முழு விடை முப்பதாண்டு வரலாற்றில் இருப்பதால் இங்கே விரித்து எழுதுகிறேன். கணினியியல் படிக்காத நண்பர்களும் தொடரலாம். தேவையான விளக்கங்களை ஆங்காங்கே தந்துள்ளேன்.

கெர்னல் என்பது இயங்குதளத்தின் உட்கரு. நினைவகம், வட்டு, வலையட்டை, திரை முதலிய வன்பொருளுக்கும் நாம் பயன்படுத்தும் செயலிகளுக்கும் நடுவே நின்று இரண்டையும் இணைப்பது அது. செயலியில் வழு நேர்ந்தால் அச்செயலி நின்றுபோகும். கெர்னலில் நேர்ந்தால் கணினியே நின்றுபோகலாம். அப்போது நடந்ததை எழுதிவைக்க வேண்டிய வட்டும் உடன் நின்றுபோகும். சாட்சியும் குற்றத்தோடு சேர்ந்து மறையும் இடம் இது.

1. வழு என்னும் சொல்

'பக்' என்பதற்குத் தமிழ்க் கணிமையில் 'வழு' என்னும் சொல் வழங்குகிறது. இலக்கணம் பயின்றவர்களுக்கு இத்தேர்வின் அழகு உடனே விளங்கும். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழு எழுவகைப்படும். தொடரின் நிலைகளோ மூன்று: வழாநிலை, வழு, வழுவமைதி. குற்றமாயினும் காரணம்பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. பசுவின்மேல் கொண்ட அன்பினால் அதனை அம்மை என்றழைத்து, 'வந்தாள்' என உயர்திணை வினைமுற்றால் முடிப்பது நாம் பள்ளியிலேயே படித்த எடுத்துக்காட்டு.

இங்கு நோக்கத்தக்கது ஒன்று. ஒரு தொடர் வழுவா வழுவமைதியா என்பதைத் தொடரை மட்டும் வைத்து முடிவுசெய்ய இயலாது. சொன்னவர் யார், யாரிடம் சொன்னார், என்ன காரணத்தால் சொன்னார் என்று கேட்டாக வேண்டும். வழுவைத் தீர்மானிப்பது ஓர் உரையாடல் என்பதை நம் இலக்கணிகள் அறிந்திருந்தனர். கெர்னலுக்கு வழுப்பதிவேடு கட்ட முயன்றவர்கள் இதனைப் பட்டறிவால் கற்றுக்கொண்டனர். அவர்கள் கற்ற விதமே இக்கட்டுரையின் பொருள்.

2. மடல்களின் காலம்

1991 ஆகஸ்ட் 25 அன்று ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், மினிக்ஸ் பயனர்களின் செய்திக்குழுவில் தம் புதிய இயங்குதளத்தைப் பற்றி அறிவித்தார். செப்டம்பரில் வெளிவந்த 0.01 பதிப்பு சுமார் 10,000 வரிகளே கொண்டது. வழு கண்டவர்கள் அவருக்கே மடல் எழுதினர். பின்னர் மடற்குழு வந்தது. வழுவறிக்கைகளும் திருத்தங்களும் அங்கே குவிந்தன. அறிக்கைக்கு எண் இல்லை; நிலை இல்லை; யார் பொறுப்பு என்ற குறிப்பும் இல்லை.

இம்முறைக்கு எழுதப்படாத ஒரு நெறி இருந்தது. அனுப்பியதற்கு மறுமொழி வரவில்லையென்றால் மீண்டும் அனுப்ப வேண்டும். டோர்வால்ட்ஸ் தமக்கு வந்த திருத்தங்களை ஏற்காதபோது பலவேளை ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடுவார். முக்கியமானது எதுவோ அது மீண்டும் வரும் என்பது இதன் உட்கருத்து. பதிவேடு செய்யவேண்டிய நினைவுப்பணியை இங்கே மறுகூறல் செய்தது.

இதில் ஒருவகை ஞானம் உண்டு என்பதை மறுக்க இயலாது. எவருக்கும் தொல்லை தராத வழுக்கள் தாமாகவே மறைந்தன. எவரும் பார்க்காத பட்டியல் வளரவில்லை. ஆனால் மறுபடியும் மறுபடியும் கேட்க யாரால் முடியும்? நேரம் உடையவரால், ஆங்கிலத்தில் தயங்காமல் எழுத வல்லவரால், அக்குழுவின் பேச்சு வழக்கம் அறிந்தவரால். ஒருமுறை எழுதிவிட்டு, மறுமொழி வராததால் 'நாம் எழுதியது தவறு போலும்' என்று ஒதுங்கிக்கொண்டவரின் வழு பதிவாகவில்லை. ஆவணக்காப்பகத்தை வாசிக்கும்போது ஒற்றை மடலோடு நின்றுபோன இழைகளை அடிக்கடி காண்கிறேன். என் ஆய்வுக்கு அவை 'மறுமொழியற்ற வேண்டுகோள்' என்னும் வகை. எழுதியவருக்கோ அது வேலை செய்யாத ஒரு கணினி.

பதிவேடு என்னும் எண்ணமே அக்காலத்தில் இல்லாதிருந்ததா என்றால், இல்லை. 1994-இலேயே டெபியன் பணிக்காக இயன் ஜாக்சன் ஒரு வழுத்தட அமைப்பை எழுதினார். ஒவ்வொரு வழுவுக்கும் ஓர் எண். ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு மின்னஞ்சல் முகவரி. அம்முகவரிக்கு எழுதினால் மடல் வழுவின் கோப்பில் சேரும். ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தினர் நாட்ஸ் என்னும் அமைப்பை நெடுங்காலம் வைத்திருந்து, 2014-இல் பக்ஸில்லாவுக்கு மாறினர். ஆகவே லினக்ஸ் கெர்னலார் பதிவேடு வைக்காதிருந்ததை அறியாமை என்று கொள்ள முடியாது. அது ஒரு தேர்வு. அத்தேர்வின் விலையும் நாளடைவில் தெரிந்தது.

1998-இல் டோர்வால்ட்ஸ் ஒருவரால் இவ்வளவு சுமையைத் தாங்க இயலாது என்ற விவாதம் மடற்குழுவில் வெடித்தது. அதன் தொடர்ச்சியாக லாரி மெக்வாய் பிட்கீப்பர் என்னும் மூலநிரல் மேலாண்மைக் கருவியை உருவாக்கினார். 2002-இல் கெர்னல் பணி அதற்கு மாறியது. திருத்தங்களுக்கு நினைவு கிடைத்தது. வழுக்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

3. படிவம் வருகிறது

பக்ஸில்லா 1998-இல் மொசில்லா பணிக்காக டெரி வீஸ்மன் எழுதியது. முதலில் டிசிஎல் மொழியிலும் பின்னர் பெர்ல் மொழியிலும் அமைந்தது. வலைப்பக்கத்தில் ஒரு படிவம்; அதன் பின்னே ஒரு தரவுத்தளம். பொருள், உறுப்பு, பதிப்பு, கடுமை, முன்னுரிமை, பொறுப்பாளர், நிலை என்று கட்டங்கள்.

2002 நவம்பரில் கெர்னலுக்கென ஒரு பக்ஸில்லா தொடங்கப்பட்டது. ஐபிஎம் நிறுவனத்தின் மார்ட்டின் பிளை அதனை மடற்குழுவில் அறிவித்தார். ஓஎஸ்டிஎல் என்னும் ஆய்வகம் அதற்கு இடமளித்தது. அப்போது உருவாகிக்கொண்டிருந்த 2.5 வரிசையின் வழுக்களைத் திரட்டி, 2.6 பதிப்பை உறுதியாக வெளியிடுவது நோக்கம். 2.6.0 பதிப்பு 2003 டிசம்பரில் வெளிவந்தது. பதிவேடு பின்னர் கெர்னல் பணியின் சொந்தத் தளத்துக்கு இடம்பெயர்ந்து இன்றுவரை இயங்குகிறது.

ஆனால் அங்கே ஒரு பிளவு தோன்றியது. அறிக்கையாளர்கள் படிவத்தில் எழுதினர். பராமரிப்பாளர்கள் மடற்குழுவிலேயே இருந்தனர். இருவரும் ஒரே ஊரின் இரு கரைகளில் நின்றனர். நடுவே ஓடமாக இருந்தவர் ஆண்ட்ரூ மார்ட்டன். புதிய வழு பதிவானதும் அதனை எடுத்து, உரிய பராமரிப்பாளருக்கும் மடற்குழுவுக்கும் அனுப்புவார். இனி வலைப்பக்கத்தில் எழுதாமல் அனைவருக்கும் மடல்வழியே மறுமொழி தருக என்று மேலே ஒரு குறிப்பும் சேர்ப்பார். தரவுத்தளத்தில் நுழைந்ததை மீண்டும் உரையாடலுக்குள் கொண்டுவருவதே அவர் பணியாயிற்று. பதிவேட்டை வைத்திருப்பவரே அதனை விட்டு வெளியே வரச் சொல்லும் இக்காட்சி, வடிவமைப்பின் குறையை எந்த ஆய்வுக் கட்டுரையைவிடவும் தெளிவாகக் காட்டுகிறது.

4. படிவத்தின் முதற்கேள்வி

குறை எங்கே இருந்தது? படிவம் முதலில் கேட்பது, 'எந்த உறுப்பில் வழு?' என்பது. கோப்பு முறைமையா, நினைவக மேலாண்மையா, வலையமைப்பா? நோயாளி மருத்துவமனைக்குள் நுழைந்ததும் 'உமக்கு என்ன நோய்?' என்று கேட்பதற்கு இது ஒப்பு. கெர்னலில் வழுவின் அறிகுறி தோன்றும் இடமும் மூலம் இருக்கும் இடமும் வெவ்வேறாக இருப்பது இயல்பு. ஒரு பகுதி தவறாக எழுதிவிட்ட நினைவிடத்தை வேறொரு பகுதி நெடுநேரம் கழித்துப் படிக்கும்போதுதான் கணினி விழும். விழுந்தவர் மேல் பழி. தள்ளியவர் காட்சியில் இல்லை.

2008-இல் நிகழ்ந்தது இதற்குச் சிறந்த சான்று. 2.6.27 பதிப்பின் முன்னோட்ட நிலைகளை நிறுவியவர்களுள் சிலருக்கு, இன்டெல் வலைச்சில்லின் நிலைநினைவகம் அழிந்துபோயிற்று. மென்பொருளை மீட்டாலும் சில்லு எழவில்லை. வன்பொருளையே கெடுத்த வழு அது. அச்சில்லை இயக்கும் நிரலான இ1000இ மீதே எல்லாருடைய ஐயமும் விழுந்தது. படிவத்தில் எழுதுபவர் எவரும் 'வலையமைப்பு' என்றே குறித்திருப்பார். உண்மையான காரணம் எஃப்டிரேஸ் என்னும், நிரலோட்டத்தைத் தடம்பற்றும் வசதி. இயங்கும் நிரலைத் தானே திருத்தும் தன்மையது அது. முன்பு நிரல் இருந்து பின்னர் விடுவிக்கப்பட்ட முகவரிகளை இன்னும் நிரல் என்று கருதி அது எழுதிக்கொண்டிருந்தது. அதே முகவரியில் இப்போது வலைச்சில்லின் நிலைநினைவகம் பொருத்தப்பட்டிருந்தது. வீட்டுக்காரர் மாறியதை அறியாமல் பழைய சாவியோடு வந்தவர் செய்த அழிவு. காரணம் தெரிந்ததும் 2.6.27.1 பதிப்பில் அந்த வசதியின் இயங்குநிலை முறை முடக்கப்பட்டது.

'உறுப்பு' என்னும் கட்டத்துக்குச் சரியான விடை, வழு தீர்ந்த பிறகே தெரிந்தது. அறிமுடிவை அறிக்கையின் முதல் வரியிலேயே எதிர்பார்க்கும் எந்தப் படிவமும் இவ்விடத்தில் தோற்கும்.

5. மனிதர்களே பதிவேடு

2006 மே மாதம் ஜெர்மனியின் வீஸ்பாடனில் நடைபெற்ற லினக்ஸ்டாக் நிகழ்வில், 2.6 கெர்னலில் வழுக்கள் மெல்ல மெல்லக் கூடுவதாகத் தாம் கருதுவதாக மார்ட்டன் வெளிப்படையாகக் கூறினார். புதியன எழுதுவோர் பலர். பழைய வழுக்களைத் தீர்ப்போர் சிலர் என்பது அவர் கவலை.

அக்காலத்தில் ஏட்ரியன் பங்க் என்பவர் 'பின்னடைவுகள்' என்னும் ஒரு வகையை மட்டும் கைப்படத் தொகுத்து மடற்குழுவுக்கு அனுப்பிவந்தார். முந்தைய பதிப்பில் வேலை செய்தது புதிய பதிப்பில் வேலை செய்யாமற்போனால் அது பின்னடைவு. மடல்களை வாசிப்பது, அறிக்கைகளை அடையாளம் காண்பது, பொறுப்பாளரை நினைவூட்டுவது, தீர்ந்தவற்றை நீக்குவது என எல்லாம் அவரே. 2007 ஏப்ரலில் 2.6.21 பதிப்பு, அறியப்பட்ட பின்னடைவுகள் சில தீராமலிருந்தும் வெளியிடப்பட்டது. தாம் தொகுக்கும் பட்டியலை மதிக்காவிட்டால் தொகுப்பதில் பயனில்லை என்று அவர் விலகினார். அவருக்குப் பின் ரஃபேல் வைசாக்கி அப்பணியை ஏற்றார். மடல்களில் கண்ட பின்னடைவுகளைத் தாமே பக்ஸில்லாவில் பதிந்து, அவற்றின் பட்டியலை மடற்குழுவுக்குத் தொடர்ந்து அனுப்பினார்.

இவர்களின் உழைப்பு கெர்னலின் மூலநிரல் வரலாற்றில் வரிகளாகத் தெரிவதில்லை. நிரல் எழுதியவரின் பெயர் ஒவ்வொரு மாற்றத்திலும் நிலைத்திருக்கிறது. எது கெட்டது என்பதை நினைவில் வைத்திருந்தவரின் பணி, கடந்துபோன மடல்களில் மட்டுமே உள்ளது. தரவுத்தளத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மென்பொருளின் பெயர்களையே வரிசைப்படுத்துகின்றனர். உண்மையில் 2002-க்கும் 2010-க்கும் இடையே கெர்னலின் வழுப்பதிவேடாக இருந்தவை இரண்டு மூன்று மனிதர்களின் நினைவும் பொறுமையுமே.

இதே காலத்தில் வேறொரு முயற்சியும் நடந்தது. கெர்னல் தனக்குள் தவறு நேர்ந்ததைக் கண்டதும் 'ஊப்ஸ்' என்னும் ஒரு செய்தியை வெளியிடும். முற்காலத்தில் அது வெறும் எண்களின் அடுக்கு. அவ்வெண்களைச் செயற்கூறுகளின் பெயர்களாக மாற்றத் தனிக்கருவி வேண்டியிருந்தது. 2.6 வரிசையில் கெர்னலே பெயர்களை அச்சிடக் கற்றுக்கொண்டது. பெயர் வந்தபின் ஒப்பிடுதல் எளிதாயிற்று. 2007-இன் இறுதியில் ஆர்யன் வான் டி வென், பயனர் கணினிகளிலிருந்து இந்த ஊப்ஸ் செய்திகளைத் தானாகத் திரட்டி எண்ணும் தளமொன்றை அமைத்தார். யாரும் படிவம் நிரப்பவில்லை. எந்தச் செயற்கூற்றில் அதிகக் கணினிகள் விழுகின்றன என்பது மட்டும் தெரிந்தது. ஒருவர் உரக்கக் கத்துவதாலன்றி, பலர் ஒரே இடத்தில் விழுவதால் ஒரு வழு முதன்மை பெற்றது. சில ஆண்டுகளே அது நீடித்தது.

6. ஒப்பீடு என்னும் இலக்கணம்

2005 ஏப்ரலில் பிட்கீப்பரை இலவசமாகப் பயன்படுத்தும் உரிமை நின்றுபோக, டோர்வால்ட்ஸ் சில நாட்களிலேயே கிட் என்னும் கருவியை எழுதினார். மூலநிரலின் ஒவ்வொரு மாற்றத்துக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணிக்கப்படும் ஓர் அடையாளம் கிடைத்தது. வழுப்பதிவேட்டின் வரலாற்றில் இது ஒரு பெருந்திருப்பம்.

காரணம் இது. புதிய பதிப்பு ஒன்றில் 10,000 மாற்றங்கள் இருக்கலாம். வேலை செய்த பதிப்பு ஒன்று, செய்யாத பதிப்பு ஒன்று என இரண்டு தெரிந்தால், நடுவே உள்ளதைச் சோதித்துப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டு வரலாம். ஏறத்தாழ 14 சோதனைகளில் குற்றவாளியான ஒரு மாற்றம் அகப்படும். கிட் கருவியில் இதற்கெனவே 'பைசெக்ட்' என்னும் கட்டளை உண்டு. சோதிப்பவர் கெர்னலின் உள்ளமைப்பை அறிந்திருக்க வேண்டியதில்லை. 'முன்பு வேலை செய்தது. இப்போது செய்யவில்லை' என்று மட்டும் சொல்லத் தெரிந்தால் போதும். நோயின் பெயரைக் கேட்ட படிவத்துக்கும் காலத்தை மட்டும் கேட்கும் இம்முறைக்கும் உள்ள வேறுபாடு பெரிது. கற்றவருக்கு மட்டுமே உரியதாயிருந்த அறிக்கைமொழி பொதுமக்கள் மொழியாயிற்று.

பின்னர்த் திருத்தங்களின் அடியில் குறிப்பு வரிகள் நிலைபெற்றன. எந்த மாற்றம் கெடுத்ததோ அதன் அடையாளத்தைச் சுட்டும் 'ஃபிக்ஸஸ்' வரி. வழுவை அறிவித்தவரின் பெயரைத் தாங்கும் 'ரிப்போர்ட்டட்-பை' வரி. அறிவித்தவருக்கு மூலநிரல் வரலாற்றிலேயே ஓர் இடம் கிடைத்தது. கல்வெட்டின் இறுதியில் எழுதினவன் பெயரும் சான்றாளர் பெயரும் வருவது நினைவுக்கு வருகிறது.

இங்கேதான் வழுவமைதியும் வந்து சேர்கிறது. பயனரின் செயலி எதனை நம்பி இயங்குகிறதோ அதனைக் கெர்னல் கெடுக்கக்கூடாது என்பது இப்பணியின் தலையாய விதி. செயலி நம்பியிருந்தது கெர்னலின் பிழையான நடத்தையாக இருந்தாலும் இவ்விதி பொருந்தும். 2012 டிசம்பரில் ஒரு மாற்றத்தால் கெர்னல் வேறொரு பிழைக்குறியைத் திருப்பித் தர, ஒலி தொடர்பான செயலிகள் கெட்டன. குற்றம் செயலியினுடையது என்ற வாதம் எழுந்தபோது டோர்வால்ட்ஸ் கடுஞ்சொற்களால் அதனை மறுத்தார். அவருடைய தொனியை நான் பாராட்டவில்லை. 2018-இல் அவரே தம் நடத்தைக்கு வருத்தம் தெரிவித்தார். ஆயினும் அவர் காத்த விதி, நம் இலக்கணம் வழுவமைதி என்று வகுத்ததேயாகும். வழக்கில் நிலைத்துவிட்டது எதுவோ, மக்கள் எதனை நம்பிப் பேசுகிறார்களோ, அதனைத் திருத்துவதே வழுவாகிவிடும்.

7. இயந்திரம் அறிக்கையாளராதல்

2015-இல் கெர்னல் 4.0 பதிப்பில் காசான் என்னும் கண்காணிப்பு வசதி சேர்ந்தது. எல்லைமீறிய நினைவிட அணுகலையும் விடுவித்த நினைவிடத்தின் பயன்பாட்டையும் அது நிகழும் கணத்திலேயே பிடித்துவிடும். அதே ஆண்டில் கூகுள் நிறுவனத்தின் திமித்ரி வியூகோவ் முதலானோர் சிஸ்காலர் என்னும் கருவியை வெளியிட்டனர். கெர்னலை நோக்கி எண்ணற்ற அழைப்புகளை மாற்றி மாற்றி விடுத்து, எங்கே அது தடுமாறுகிறது என்று பார்ப்பது அதன் தொழில். 2017 முதல் சிஸ்பாட் என்னும் தானியங்கி, தான் கண்ட வழுக்களை மடற்குழுவுக்குத் தானே எழுதத் தொடங்கியது.

மொழியியல் மாணவர்கள் சிஸ்பாட்டைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். அது வழுவுக்குப் பெயரிடும் முறை கட்டுப்பாடானது: கண்ட தவற்றின் வகை, படித்தலா எழுதுதலா, நிகழ்ந்த செயற்கூறு. பெயர் ஒன்றாயின் வழுவும் ஒன்று என்று அது பொதுவாகக் கொள்கிறது. ஒவ்வொரு வழுவுக்கும் தனி மின்னஞ்சல் முகவரி தருகிறது. திருத்துபவர் அம்முகவரியை 'ரிப்போர்ட்டட்-பை' வரியில் சேர்த்தால், திருத்தம் மூலநிரலில் சேர்ந்ததைத் தானே கண்டு வழுவை முடித்துவைக்கிறது. பராமரிப்பாளர் தம் மறுமொழி மடலில் ஒரு குறுங்கட்டளை எழுதினால், இது இன்ன வழுவின் இரட்டை, இது வழுவன்று, இது இன்ன மாற்றத்தால் தீர்ந்தது என்பவற்றை வாசித்துப் புரிந்துகொள்கிறது. தரவுத்தளம் உண்டு, ஆனால் எவரும் அதற்குள் சென்று நிரப்ப வேண்டியதில்லை. உரையாடலின் ஓரத்தில் அமர்ந்து அது தானே கேட்டுக் குறித்துக்கொள்கிறது. 1994-இல் டெபியனில் தோன்றிய எண்ணத்தின் உறவினர் இது எனலாம்.

இதற்கும் ஒரு விலை உண்டு. இயந்திரம் களைப்பதில்லை, பராமரிப்பாளர் களைப்பார். தீராத அறிக்கைகள் குவிந்தன. மேலும், இயந்திரத்தின் அறிக்கையோடு வழுவை மீண்டும் நிகழ்த்திக்காட்டும் சிறுநிரலும் பலவேளை இணைந்து வருகிறது. 'மடிக்கணினி உறக்கத்திலிருந்து எழவில்லை' என்று ஒரு மனிதர் எழுதும் மடலில் அது இராது. நன்கு வடிவமைந்த வேண்டுகோளுக்கு மறுமொழி எளிது. தடுமாறி எழுதப்பட்டதற்கு அரிது. இதனை மடற்குழுவின் குறை என்று மட்டும் கருத வேண்டா. நம் அலுவலகங்களில் மனு எழுதத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் இடையே உள்ள தொலைவும் இதுவே.

8. பதிவேடு உரையாடலைத் தேடி வருதல்

ஜெர்மனியில் தொழில்நுட்ப இதழாளராக இருந்த தார்ஸ்டன் லீம்ஹுயிஸ், 2017-இல் பின்னடைவுகளைத் தொகுக்க முன்வந்தார். கைப்படச் செய்யும் சுமை தாங்காமல் அவ்வாண்டிலேயே விட்டுவிட்டார். 2021-இல் மீண்டும் வந்தபோது ரெக்ஸ்பாட் என்னும் தானியங்கியோடு வந்தார். மடற்குழுவில் ஒரு பின்னடைவைக் கண்டவர், எந்தப் பதிப்புகளுக்கு இடையே அது புகுந்தது என்பதை ஒரே வரியில் குறித்தால் போதும். ரெக்ஸ்பாட் அதனைப் பட்டியலில் சேர்க்கும். அந்த மடலின் முகவரியைச் சுட்டும் திருத்தம் மூலநிரலில் சேர்ந்ததும் பட்டியலிலிருந்து நீக்கும். ஏட்ரியன் பங்க் கைப்படச் செய்த பணியின் எழுத்தர்பகுதி இயந்திரத்திடம் சென்றது. எதனை வலியுறுத்துவது, யாரை நினைவூட்டுவது என்னும் பகுதி இன்றும் மனிதரிடமே உள்ளது.

2022-இல் பக்ஸில்லாவின் நிலை மீண்டும் விவாதப் பொருளாயிற்று. பெரும்பாலான பராமரிப்பாளர்கள் அங்கே பார்ப்பதில்லை. எழுதுவோருக்கு அது தெரிவதுமில்லை என்பது குறை. ஏசிபிஐ போன்ற சில பிரிவினர் அதனைத் தொடர்ந்து பயன்படுத்துகின்றனர். வரைகலைப் பிரிவினர் தமக்கென வேறிடம் வைத்துள்ளனர். யார் எங்கே கேட்பார் என்பது மெயின்டெய்னர்ஸ் என்னும் கோப்பில் பிரிவுதோறும் எழுதப்பட்டுள்ளது. அக்கோப்பை வாசிக்கத் தெரிந்தவரே சரியான கதவைத் தட்ட இயலும். 2023-இல் கெர்னல் தளத்தின் நிர்வாகி கான்ஸ்டன்டின் ரியாபிட்செவ், பக்ஸில்லாவுக்கும் மடற்குழுக்களுக்கும் இடையே செய்திகளைக் கொண்டுசெல்லும் ஒரு பாலத்தை எழுதினார். 2002-இல் மார்ட்டன் செலுத்திய ஓடத்துக்குப் பதில் ஒரு பாலம் வர இருபதாண்டுகள் ஆயின.

2024 பிப்ரவரியில், பாதுகாப்பு வழுக்களுக்குச் சிவிஇ எண் வழங்கும் அதிகாரத்தைக் கெர்னல் பணியினர் தாமே பெற்றனர். கெர்னலில் ஏறத்தாழ எந்த வழுவும் பாதுகாப்புக் கேடாக மாறக்கூடும் என்பதால் அவர்கள் தாராளமாக எண் தருகின்றனர். திருத்தம் கிடைத்த பிறகே தருகின்றனர். ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் எண்கள் பெருகவே, பட்டியல் பயனற்றுப்போகும் என்று சிலரும், முன்பு மறைந்திருந்தது இப்போது தெரிகிறது என்று சிலரும் வாதிடுகின்றனர். எதனை வழு என்பது, எதனைக் கேடு என்பது என்னும் பழைய வினா புதிய எண்களோடு திரும்பியிருக்கிறது.

9. விடை

மாணவரின் வினாவுக்கு வருகிறேன். கெர்னலார் ஒற்றைப் பதிவேட்டைக் கட்டத் தெரியாமல் விட்டுவிடவில்லை. மக்களைத் தன்னிடம் வரச் சொன்ன பதிவேட்டில் கோப்புகள் சேர்ந்தன. அவற்றை வாசிக்க வேண்டியவர்கள் வேறிடத்தில் இருந்தனர். மக்கள் பேசும் இடத்துக்குத் தானே சென்று கேட்ட பதிவேடு நிலைத்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் சில மனிதர்கள் அந்த இடைவெளியைத் தம் உழைப்பால் நிரப்பினர். சிலர் களைத்து விலகினர்.

நமக்கும் இதில் பங்குண்டு. இந்தியப் பல்கலைக்கழகங்களில் கிளைமொழித் தொகுப்பு, கல்வெட்டுத் தொகுப்பு, வாய்மொழி வழக்காற்றுத் தொகுப்பு என நாம் தரவுத்தளங்கள் கட்டிக்கொண்டிருக்கிறோம். திட்ட அறிக்கையில் முதலில் எழுதுவது கட்டங்களின் பட்டியல்தான். நானும் அவ்வாறே செய்தேன். களப்பணியின் முதல் வாரத்தில் என் படிவம் தகவலாளரிடம் 'இது எந்தக் கிளைமொழி?' என்று கேட்டது. ஆய்வின் முடிவில் நான் கண்டறிய வேண்டியதை அவர் வாயிலிருந்து முதல் வரியிலேயே பிடுங்கப் பார்த்தேன். அந்த மூதாட்டி சிறிது நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "எங்க ஊருப் பேச்சு, வேற என்ன?" என்றார். கட்டத்தில் நான் ஏதோ எழுதி நிரப்பினேன். அது தவறு என்று தெரிய எட்டு மாதங்கள் ஆயின.

இப்போது என் படிவத்தின் முதற்கேள்வி வேறு: 'உங்கள் பாட்டி இதனை எப்படிச் சொல்வார்? நீங்கள் எப்படிச் சொல்கிறீர்கள்?' முன்பு, இப்போது என்னும் இரண்டே நிலைகள். கெர்னலாரிடம் கற்றது.

தரவுத்தளப் பணியில் உள்ள நண்பர்கள் தத்தம் படிவத்தின் முதற்கேள்வி எது என்றும், அதற்கு உண்மையான விடை தெரிந்தவர் யார் என்றும் கீழே எழுதினால் மகிழ்வேன். அடுத்த ஆய்வரங்கில் அம்மாணவரோடு அமர்ந்து சேர்ந்து வாசிப்போம்.